சார்லஸ் வில்சன் பீல்: பல மரம் கண்ட தச்சனா?

#1 கித்தான்

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒருவரைப் பற்றி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சேணம் தைக்கிற ஓர் இளைஞன் தோல் வாங்குவதற்காக நார்ஃபோக் நகரத்துக்குப் போகிறான். போன இடத்தில் யாரோ வரைந்த சில ஓவியங்கள் கண்ணில் படுகின்றன. எல்லாம் ரொம்பச் சுமார். ‘இதைவிட நான் நன்றாக வரைவேனே’ என்று தோன்றுகிறது. ஊருக்குத் திரும்பி வரையத் தொடங்குகிறான். அந்த நேரத்தில் ஓவியத் தாங்கி எப்படி இருக்கும், வண்ணத்தட்டு எப்படி இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அந்த இளைஞன்தான் சார்லஸ் வில்சன் பீல். 1741-இல் மேரிலாந்தில் பிறந்தவர். அமெரிக்கா என்ற நாடு அப்போது இல்லை, அது பிரிட்டிஷ் குடியேற்றம்.

அப்பா இங்கிலாந்தில் பண மோசடி வழக்கில் சிக்கி, தண்டனையாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். மேரிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்து, பையனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். அம்மா அன்னாபொலிஸ் நகரத்தில் துணி தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். பதின்மூன்று வயதில் பீலைச் சேணக்காரரிடம் தொழில் பழக விட்டார்கள்.

ஓவியம் கற்றுக்கொண்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜான் ஹெசீலியஸ் என்ற ஓவியரிடம் போய், தான் செய்த ஒரு சேணத்தைக் கொடுத்து, ‘நீங்கள் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க விடுங்கள்’ என்று கேட்டார். அவரும் சம்மதித்து ஒரு முகத்தில் பாதியை வரைந்து காட்டினார், மீதிப் பாதியை நீ வரை என்று விட்டுவிட்டார். எனக்கு ஓவிய வாத்தியார்கள் பலர் வாய்த்தார்கள். இப்படி ஒரு பாடம் யாரும் நடத்தியதில்லை.

அப்புறம் கடன் தொல்லை. 1765-இல் கடன்காரர்களுக்குப் பயந்து பாஸ்டன் பக்கம் ஓடினார். அங்கே கோப்ளி என்ற பெரிய ஓவியரைச் சந்தித்தார். மேரிலாந்துப் பிரமுகர்கள் சிலர் பணம் திரட்டிக் கொடுக்க, 1767-இல் லண்டனுக்குப் போய் பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியரிடம் இரண்டு ஆண்டு படித்தார். 1772-இல் மவுண்ட் வெர்னான் என்ற பண்ணை வீட்டுக்குப் போய் அதன் சொந்தக்காரரான ஜார்ஜ் வாஷிங்டனை வரைந்தார். வாஷிங்டனைப் பார்த்து வரைந்த ஓவியங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது அதுதான். பிரிட்டனுக்கு எதிரான சுதந்திரப் போர் தொடங்கியதும் படையில் சேர்ந்தார். ட்ரெண்டன், பிரின்ஸ்டன் சண்டைகளின்போது களத்தில் இருந்தார். முகாம்களில் இருந்தபடியே படை அதிகாரிகளின் சிற்றோவியங்களை வரைந்தார்.

இது வரைக்கும் ஓர் ஓவியரின் கதை. இதற்குப் பிறகு அவர் தொட்டவற்றைச் சொன்னால் மூச்சு வாங்கும்: அருங்காட்சியகம், விலங்குகளைப் பாடம் செய்வது (செத்த உடலைக் கெடாமல் பதப்படுத்தி வைப்பது), எலும்பு தோண்டுவது, மரப்பாலம், கணப்பு அடுப்பு, நீராவிக் குளியல், கடிதம் நகலெடுக்கும் கருவி, பொய்ப்பல், பண்ணை. என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளிடம் இவரைப் பற்றிச் சொன்னால், ‘இவ்வளவு சிதறாமல் இருந்திருந்தால் இன்னும் பெரிய ஓவியராக வந்திருப்பார் இல்லையா?’ என்று கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைச் சரியாகச் சொல்லவும் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 தச்சன்மகன்

அக்கா, எங்கள் அப்பா அடிக்கடி சொல்லும் பழமொழி: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். உங்கள் பிள்ளைகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

பீலின் உருவப்படங்களை நேற்று இரவு வரிசையாகப் பார்த்தேன். தளபதிகள், வணிகர்கள், அவர்களுடைய மனைவிமார். எல்லாருக்கும் முட்டை வடிவத் தலை, பாதாம் கண். எல்லாரும் ஒரே குடும்பத்துக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள். கோப்ளி வரைந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோப்ளி வரைந்த படத்தில் பால் ரெவியர் என்ற வெள்ளிக் கொல்லர் கையில் வெள்ளித் தேநீர்க் கெண்டியை வைத்துக்கொண்டு நம்மையே பார்ப்பார். அந்த ஆழம் பீலிடம் இல்லை. நாள் முழுக்க ஓவியம் மட்டுமே வரைந்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ.

நான் பொறியியல் படித்தவன் என்பதால் அவருடைய மற்ற வேலைகளையும் பார்த்தேன். 1797-இல் மரப்பாலம் கட்டுவது பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டிருக்கிறார். வளைவான மரப்பாலம், பலகைகளை அடுக்கிச் சேர்க்கிற முறை. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஃபிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றின் மேல் அதைக் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை, அது நடக்கவில்லை. கடிதம் நகலெடுக்கும் கருவியும் அவர் கண்டுபிடித்ததில்லை. ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்பவருடையது. பீல் அதன் அமெரிக்க உரிமையை வாங்கி மேம்படுத்தினார். ஒன்றைப் பிடித்து முடிவு வரை கொண்டுபோன மாதிரித் தெரியவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#3 மழைப்பயணி

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். ஃபிலடெல்பியாவுக்கு வேலை விஷயமாக அடிக்கடி போவேன். தச்சன்மகன் தம்பி சொல்வதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் இரண்டாம் வங்கி என்ற பழைய வங்கியின் கட்டடத்தில் பீலின் உருவப்படங்கள் நிறைய மாட்டியிருக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் அந்தக் குடும்பச் சாயல் தெரிகிறது.

ஆனால் தம்பி, நீங்கள் ஒரு படத்தை விட்டுவிட்டீர்கள். ஃபிலடெல்பியா ஓவிய அருங்காட்சியகத்தில் ‘ரேச்சல் அழுகிறாள்’ என்று ஒன்று இருக்கிறது. 1772-இல் பெரியம்மை பீலின் கைக்குழந்தை மார்கரெட்டைக் கொண்டுபோய்விட்டது. முதலில் இறந்த குழந்தையை மட்டும் வரைந்தார். சில ஆண்டு கழித்துக் கித்தானைப் பெரிதாக்கி, பக்கத்தில் மனைவி ரேச்சலைச் சேர்த்தார். குழந்தையின் கைகளை வெள்ளைப் பட்டு நாடாவால் உடம்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். தாடையையும் கட்டியிருக்கிறார்கள். பின்னால் மேசையில் பலன் தராத மருந்துப் புட்டிகள். ரேச்சல் குழந்தையைப் பார்க்கவில்லை, மேலே பார்க்கிறாள். கன்னத்தில் கண்ணீர்.

இதைத் தன் ஓவிய அறையில் திரைக்குப் பின்னால் வைத்திருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயோ தகப்பனோ திரையைத் திறந்துவிடாதபடி எச்சரித்து ஒரு குறிப்பும் வைத்தார். 1776 ஆகஸ்டில் ஜான் ஆடம்ஸ் இவருடைய ஓவிய அறைக்குப் போயிருந்தார், பிற்பாடு குடியரசுத் தலைவரான அதே ஆடம்ஸ். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மனைவிக்குக் கடிதம் எழுதினார். பீல் மென்மையான, பாசமான மனிதர் என்று அதில் எழுதியிருக்கிறார்.

என் தங்கைக்கு ஒரு குழந்தை தவறிப்போனது. அந்தப் படத்தின் முன்னால் என்னால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. ஆழம் இல்லாதவர் வரைந்த படம் அல்ல அது.

#4 விலங்கியல்வாத்தியார்

முப்பத்தொரு ஆண்டு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓவியம் பற்றி எனக்குத் தெரியாது. பாடம் செய்வது பற்றித் தெரியும், அதனால் வருகிறேன்.

பீலின் அருங்காட்சியகம் 1786-இல் ஃபிலடெல்பியாவில் அவர் வீட்டிலேயே ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஒரு ஜெர்மன் மருத்துவருக்காகப் பெரிய எலும்புகள் சிலவற்றைப் படம் வரையும் வேலை வந்தது. ஓஹையோ பக்கத்திலிருந்து வந்த எலும்புகள். அவை ஓவிய அறையில் கிடந்தபோது வந்தவர்கள் படங்களை விட்டுவிட்டு எலும்பையே பார்த்தார்கள். மைத்துனர் ராம்சே, ‘இந்த மாதிரிப் பொருள்களைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுப்பார்கள்’ என்றார். விதை அதுதான். சேகரிப்புக்கு முதலில் வந்த உயிரினம், அலகெனி ஆற்றில் பிடித்த துடுப்பு மூக்கு மீன்.

அப்போது பறவையையும் விலங்கையும் கெடாமல் வைக்கும் முறை அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஓர் அங்கோரா பூனையின் உடலைக் கொடுத்தார். பீல் அதைப் பாடம் செய்து பார்த்தார், கெட்டுப்போயிற்று. 1787-இல் வாஷிங்டன் தன் பண்ணையில் செத்துப்போன பொன்னிறச் சீனப் பறவைகளை அனுப்பினார். ஃபெசன்ட் வகை, பிரான்சிலிருந்து வந்த அன்பளிப்பு. அதற்குள் பீலுக்குக் கை பழகிவிட்டது. அந்தப் பறவைகள் இன்னும் இருக்கின்றன, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகத்தில். இருநூறு ஆண்டுக்கு மேல் ஒரு பறவைத் தோலைப் பூச்சி அரிக்காமல் காப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்த வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் கல்லூரி மாதிரிகளில் நாற்பது ஆண்டு தாண்டியவை நாலைந்துதான்.

எப்படிச் செய்தார்? ஆர்சனிக், அதாவது பாஷாணம். அதோடு மெர்க்குரிக் குளோரைடு. இரண்டும் கடுமையான விஷம். ஆர்சனிக் கரைசலில் தோலை முக்கி எடுத்தார். கையில் உறையெல்லாம் கிடையாது. அவருக்கே பலமுறை உடம்பு கெட்டது. மூத்த மகன் ரஃபேலும் இந்த வேலையில் ஊறிக் கிடந்தவர். அவருக்குப் பின்னால் வந்த நீண்ட நோய்க்கு இந்த விஷங்கள்தான் காரணமாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். ரஃபேல் பழங்களையும் காய்களையும் வைத்து அற்புதமான படங்கள் வரைந்தவர். 1825-இல், அப்பாவுக்கு முன்னாலேயே போய்விட்டார்.

இன்னும் இரண்டு விஷயம். அன்றைய வழக்கம் தோலுக்குள் வைக்கோலைத் திணிப்பது. விலங்கு தலையணை மாதிரி உப்பிவிடும். பீல் பெரிய விலங்குகளுக்குக் கால், தொடைகளை மரத்தில் செதுக்கினார். சதை எங்கே புடைக்கும், எங்கே ஒட்டும் என்று பார்த்துச் செதுக்கி, அதன் மேல் தோலை இழுத்துப் போர்த்தினார். அடுத்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் பறவையை வைத்து, அது வாழ்கிற இடத்தைப் பின்னால் தானே வரைந்தார். நீர்ப்பறவைக்குப் பின்னால் நீர், மலைப் பறவைக்குப் பின்னால் மலை. உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் வகுத்த வரிசைப்படி எல்லாவற்றையும் அடுக்கினார். நான் மாணவர்களை அருங்காட்சியகம் கூட்டிப் போன போதெல்லாம் பின்னணி வரைந்த பெட்டிகளின் முன்னால்தான் அவர்கள் நின்றார்கள்.

#5 கித்தான்

ஐயா! எனக்கு வாயில் வராமல் நின்றதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

// மரத்தில் செதுக்கி, அதன் மேல் தோலை இழுத்துப் போர்த்தினார் //

சேணம் என்பதே அதுதானே? உள்ளே மரச் சட்டம், மேலே தோல். எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும், தையல் எங்கே வெளியே தெரியாமல் போக வேண்டும் என்பதைப் பதின்மூன்று வயதிலிருந்து கையால் படித்தவர் அவர். அன்றைக்கு மற்றவர்கள் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தபோது மரத்தைச் செதுக்க வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது என்று இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது.

உருவப்படம் வரைகிறவளாக இன்னொன்றும் சொல்கிறேன். முகம் வரைவதும் இதே வேலைதான். தோலுக்குக் கீழே எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கன்னம் வராது. மேலே நிறத்தை எவ்வளவு பூசினாலும் உள்ளே சட்டம் இல்லையென்றால் முகம் தொங்கிவிடும். தச்சன்மகன் தம்பி பல மரம் என்கிறார். எனக்கு அவர் ஒரே மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவராகத் தெரிகிறார்.

பின்னணி வரைந்த பெட்டியும் அப்படியே. முன்னால் நிஜப் பொருள், பின்னால் வர்ணம், இரண்டும் சேருகிற இடம் தெரியக் கூடாது. 1795-இல் அவர் வரைந்த ‘படிக்கட்டில் இருவர்’ ஓவியம் நினைவிருக்கிறதா? மகன்கள் ரஃபேலும் டிஷியனும் மாடிப்படி ஏறுகிறார்கள். ரஃபேல் கையில் வண்ணத்தட்டு. அதைச் சாதாரணச் சட்டத்தில் மாட்டவில்லை. நிஜமான கதவு நிலைக்குள் பொருத்தி, கீழே நிஜமான மரப்படி ஒன்றை வைத்தார். வாஷிங்டன் அந்தப் பக்கம் போகும்போது பையன்கள் நிற்கிறார்கள் என்று எண்ணி மரியாதையாகத் தலைவணங்கினார் என்று பீலின் இன்னொரு மகன் ரெம்பிராண்ட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த டிஷியன் 1798-இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனான். அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்கு அதே பெயரை வைத்தார்கள்.

#6 புதுமுகம்22

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பிள்ளைகளுக்கு ஓவியர்களின் பெயர்தான் வைத்தாரா? அப்புறம் அவர் தோண்டியது மாமூத் என்று எங்கோ படித்தேன், சரியா?

#7 விலங்கியல்வாத்தியார்

பெயர்: ரஃபேல், ரெம்பிராண்ட், ரூபன்ஸ், டிஷியன். பெண்களுக்கு ஏஞ்சலிகா, சொஃபோனிஸ்பா, இருவரும் பெண் ஓவியர்கள். பிறகு ஆர்வம் இயற்கையின் பக்கம் திரும்பியதும் ஒருவனுக்குச் சார்லஸ் லின்னேயஸ் என்றும் இன்னொருவனுக்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்றும் வைத்தார். மூன்று திருமணம், பதினைந்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பலர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள்.

அது மாமூத் அல்ல, மாஸ்டோடான். அன்று எல்லாரும் மாமூத் என்றே சொன்னார்கள். மாஸ்டோடான் என்ற பெயரைப் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் குவியே 1806-இல் தான் கொடுத்தார். இரண்டும் யானையின் உறவுதான். ஆனால் பல்லைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மாமூத்தின் கடைவாய்ப் பல்லில் அரம் மாதிரி வரிவரியாக இருக்கும். மாஸ்டோடானுக்குக் கூம்பு கூம்பாகப் புடைப்பு. மரக்கிளை, இலைகளை மெல்வதற்கான பல் அது. அந்தப் புடைப்பைப் பார்த்துவிட்டு இது மாமிசம் தின்னும் மிருகம் என்று அன்று பலர் நம்பினார்கள். பீலின் மகன் ரெம்பிராண்ட் அந்த எண்ணத்தில் தந்தங்களைக் கீழ்நோக்கி வளைத்துக்கூடப் பொருத்தினார்.

கதை இதுதான். 1801-இல் நியூயார்க் மாநிலத்தில் நியூபர்க் அருகே மாஸ்டென் என்ற உழவரின் நிலத்தில் உரத்துக்காகச் சுண்ணச் சேறு தோண்டும்போது எலும்புகள் கிடைத்திருந்தன. பீல் அங்கே போனார். கிடைத்த எலும்புகளுக்கு 200 டாலர், மேலும் தோண்ட 100 டாலர், உழவரின் மகனுக்குத் துப்பாக்கி, பெண்களுக்குக் கவுன் என்று பேசி முடித்தார். ஃபிலடெல்பியாவிலிருந்த அமெரிக்கத் தத்துவக் கழகம் 500 டாலர் கடன் கொடுத்தது. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பெரிய சக்கரம் ஒன்றை அமைத்து, அதற்குள் ஆட்கள் நடக்க நடக்க அது சுழன்று, சங்கிலியில் கோத்த வாளிகள் தண்ணீரை இறைத்துக் கொட்டின. அந்த இடத்தில் எலும்புக்கூடு முழுதாகக் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு இடம் தோண்டினார்கள். கடைசி இடத்தில் கீழ்த்தாடை கிடைத்தது. கிடைக்காத பாகங்களை வில்லியம் ரஷ் என்ற சிற்பி மரத்தில் செதுக்கிக் கொடுத்தார். 1801 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காட்சிக்கு வைத்தார்கள். அருங்காட்சியகக் கட்டணம் 25 சென்ட், மாஸ்டோடானைப் பார்க்கத் தனியாக 50 சென்ட்.

இதன் அறிவியல் முக்கியத்துவம் பெரிது. ஓர் உயிரினம் அடியோடு அழிந்துபோக முடியும் என்பதையே அன்று பலர் ஏற்கவில்லை. அன்றைய குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன்கூட மேற்கே எங்காவது இந்த மிருகம் உயிரோடு உலவும் என்று நம்பினார். எலும்புக்கூட்டை எதிரே நிறுத்தி வைத்தபோது, இவ்வளவு பெரியது ஒளிந்து வாழ முடியுமா என்ற கேள்வி பார்த்தவர்களுக்கெல்லாம் எழுந்திருக்கும்.

அந்தத் தோண்டலை 1806-லிருந்து 1808 வரை பெரிய ஓவியமாகவும் வரைந்தார். சக்கரம், குழி, மேலே இடிமின்னலோடு கறுத்து வரும் வானம். அன்று அங்கே இல்லாத சொந்தக்காரர்களையும் கரையில் நிறுத்தியிருக்கிறார். அவரே ஒரு கையில் எலும்பின் பெரிய வரைபடத்தைப் பிடித்து நிற்கிறார்.

#8 ஏட்டுச்சுவடி

இந்த இழையில் இன்னும் வராத ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்: மோசஸ் வில்லியம்ஸ்.

அந்த எலும்புகள் நூற்றுக்கணக்கான துண்டுகளாக வந்து சேர்ந்தன. அவற்றைப் பொருத்தியவர்களில் ஒருவர் மோசஸ். மற்றவர்கள் ‘இது இங்கே சேராது’ என்று நினைத்த இடங்களிலெல்லாம் அவர் வைத்து வைத்துப் பார்த்தார் என்றும், அந்த வழியில் வேறு யாரையும்விட அதிகம் சாதித்தார் என்றும் பீலே எழுதியிருக்கிறார்.

மோசஸ் அந்த வீட்டில் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய பெற்றோர் ஸ்கார்பரோ, லூசி. மேரிலாந்தில் பீல் வரைந்த உருவப்படங்களுக்குக் கூலியாக வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. ஓவியத்துக்கு விலையாக மனிதர்கள். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஃபிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் சட்டமன்றத்தில் பீல் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1780-இல், அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் வந்தது. அவர் அதை ஆதரித்தார். பெற்றோரை 1786-இல் விடுவித்தார். அப்பா தன் பெயரை ஜான் வில்லியம்ஸ் என்று மாற்றிக்கொண்டார். ஆனால் மோசஸ் 1802 வரை, இருபத்தேழு வயது வரை, அங்கேயே கட்டுண்டு இருந்தார்.

பீலின் பிள்ளைகள் பலர் தூரிகை பிடிக்கக் கற்றார்கள். அதே கூரையின் கீழ் வளர்ந்த மோசஸுக்குத் தூரிகை கொடுக்கப்படவில்லை. அவருக்குக் கொடுத்தது பாடம் செய்யும் வேலை, எலும்பு வேலை, கடைசியில் ஒரு கருவி. முகத்தின் பக்கவாட்டுக் கோட்டைச் சிறிதாக்கித் தாளில் பதிக்கும் கருவி. அதுவும் ஹாக்கின்ஸ் உருவாக்கியதுதான். வந்தவர் உட்காருவார், கருவியின் முனை நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்று வழுக்கி வரும். தாளில் கோடு விழும். தாளை மடித்து வைத்திருப்பதால் ஒரே வெட்டில் நான்கு பிரதி. நடுவிலிருந்து முகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீந்த தாளின் பின்னால் கறுப்புத் தாளை வைத்தால் நிழலுருவம்.

கருவி தருவது கோட்டை மட்டும்தான். கத்தரிக்கோலைப் பிடித்து இமை மயிரையும், தலைமுடிச் சுருளையும், கழுத்துப் பட்டையின் மடிப்பையும் கொண்டுவருவது கை. 1803-இல், முதல் ஆண்டில் மட்டும், மோசஸ் 8,800 நிழலுருவங்களை வெட்டினார். ஒருவருக்குச் சில சென்ட்தான் கூலி. அந்தக் காசைச் சேர்த்து இரண்டு மாடிச் செங்கல் வீடு வாங்கினார். பீல் வீட்டில் சமையல் வேலை பார்த்த மரியா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். முன்பு அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தவர் அந்த மரியா.

ஃபிலடெல்பியா நூலகக் கழகத்தில் ஒரு நிழலுருவம் இருக்கிறது. ‘மோசஸ் வில்லியம்ஸ், நிழலுருவம் வெட்டுபவர்’ என்று எழுதியிருக்கிறது. அதை வெட்டியவர் ரஃபேல் பீல் என்றே ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். மோசஸே தன்னை வெட்டியதாக இருக்கலாம் என்ற கருத்து பிறகு வந்தது.

பீல் பல வேலைகளைச் செய்தார் என்று நாம் பேசும்போது, அவற்றில் எத்தனை கைகள் இருந்தன என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. மோசஸின் கை இல்லாமல் அந்த எலும்புக்கூடு நின்றிருக்காது என்பதால் சொல்கிறேன்.

#9 கித்தான்

ஏட்டுச்சுவடி, இதை எழுதியதற்கு நன்றி. மோசஸ் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன், இவ்வளவு தெரியாது. முதல் பதிவிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். தன் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுத்ததைப் பீல் இவருக்குக் கொடுக்கவில்லை. அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு படம் உண்டு. 1819-இல், எழுபத்தேழு வயதில், பீல் வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த ஜார்ஜ்டவுனுக்குப் போய் யாரோ மமூத் என்ற முதியவரை வரைந்தார். யாரோ என்பது அவருடைய பெயர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 1752-இல் அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, 1796-இல் விடுதலை பெற்று, சொந்த வீடும் வங்கிப் பங்குகளும் வாங்கியவர். கடைசி வரை இசுலாமியராகவே வாழ்ந்தவர். அவருக்கு வயது 134 என்று சிலர் சொல்ல, நீண்ட ஆயுளின் ரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் பீல் தேடிப் போனார். உண்மையில் எண்பது சொச்சம்தான்.

போன காரணம் தப்பாக இருக்கலாம். படத்தைப் பாருங்கள். பின்னல் குல்லாய், மேல்கோட்டு, கண்ணோரச் சுருக்கம், லேசாக எழும் புன்னகை. தம்பி, இதில் முட்டைத் தலையும் இல்லை, பாதாம் கண்ணும் இல்லை. ஒரு மனிதரின் முகம் இருக்கிறது. எழுபத்தேழு வயதில் ஓவியர் இன்னும் முன்னேறிக்கொண்டிருந்தார் என்பதற்கு எனக்கு இந்த ஒரு படம் போதும்.

#10 தச்சன்மகன்

படம் பார்த்தேன் அக்கா. நீங்கள் சொல்வது சரி. கோப்ளியோடு ஒப்பிட்டதை இந்தப் படத்தைப் பொறுத்த வரையில் திரும்பப் பெறுகிறேன்.

நகலெடுக்கும் கருவியைப் பற்றி நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அதை மறுபடி தேடிப் படித்தேன். இரண்டு பேனாக்கள், நடுவே சட்டங்கள். நாம் பிடித்து எழுதும் பேனா எப்படி அசைகிறதோ அப்படியே மற்றதும் அசைந்து, பக்கத்துத் தாளில் அதே கடிதம் அதே நேரத்தில் உருவாகிறது. கேட்க எளிது. ஆனால் இணைப்புகளில் இம்மியளவு ஆட்டம் இருந்தாலும் இரண்டாவது எழுத்து கிறுக்கலாகிவிடும். ஜெஃபர்சன் 1804-லிருந்து இதைப் பயன்படுத்தினார். இங்கே இறுகுகிறது, அங்கே சரியில்லை என்று எழுதிக்கொண்டே இருப்பார். பீல் திருத்திக்கொண்டே இருப்பார். ஆண்டுக்கணக்கில் இப்படி. ஜெஃபர்சன் கடைசிக் காலம் வரை அந்தக் கருவியை விடவில்லை. அவருடைய கடிதங்களின் பிரதிகள் இன்று நமக்குக் கிடைப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். பீலுக்கு அதில் பெரிய லாபம் எதுவும் வரவில்லை.

ஒன்றைப் பிடித்து முடிவு வரை கொண்டுபோகவில்லை என்று எழுதினேன் அல்லவா, அது தவறு. பாலம் விஷயத்தில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

#11 மழைப்பயணி

அந்த அருங்காட்சியகம் என்ன ஆனது என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து 1794-இல் தத்துவக் கழகக் கட்டடத்துக்குப் போனது. தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு விலங்கைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக நடக்க வைத்தார். கூலி வண்டிச் செலவு மிச்சம், ஊருக்கே விளம்பரம். 1802-இல், சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடத்தின் மேல்மாடிக்குப் போனது. அரசு அனுப்பிய ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் மேற்கே போய்க் கொண்டுவந்தவற்றில் பல அங்கேதான் வந்து சேர்ந்தன. அரசாங்கம் இதைத் தேசிய அருங்காட்சியகமாக எடுத்து நடத்த வேண்டும் என்று பீல் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை. 1827-இல் அவர் இறந்தார். 1840-களின் கடைசியில் எல்லாம் ஏலத்துக்கு வந்தது. ஒரு பகுதியை பார்னம் என்ற காட்சி வியாபாரியும் பாஸ்டன்காரர் ஒருவரும் வாங்கினார்கள். பார்னம் பக்கம் போனவை தீயில் அழிந்தன. பாஸ்டன் பக்கம் போனவற்றில் தப்பியவைதான் வாத்தியார் ஐயா சொன்ன ஹார்வர்டு பறவைகள். மாஸ்டோடான் கடல் தாண்டி ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்துக்குப் போய் இன்றும் அங்கே நிற்கிறது.

எல்லாம் இப்படிச் சிதறிய பிறகு, அது எப்படி இருந்தது என்று பார்க்க நமக்கு மிஞ்சியது 1822-இல் எண்பத்தொரு வயதில் அவர் வரைந்த தன் உருவப்படம். ஃபிலடெல்பியாவில் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல். வழுக்கைத் தலையோடு கறுப்பு உடுப்பில் நிற்கிறார். ஒரு கையால் சிவப்புத் திரையைத் தூக்குகிறார். உள்ளே நீண்ட கூடம். கண்ணாடிப் பெட்டிகளில் பறவைகள் வரிசை வரிசையாக, அவற்றுக்கு மேலே மனிதர்களின் உருவப்படங்கள். திரைக்குக் கீழே மாஸ்டோடானின் கால்கள் மட்டும் தெரிகின்றன. அதன் முன்னால் ஒரு பெண் கையை உயர்த்தி வியக்கிறாள். ஒரு தகப்பன் மகனுக்கு எதையோ காட்டுகிறார். முன்னால் தரையில் பெரிய தாடை எலும்பு. ஒரு பக்கம் மேசைமேல் வண்ணத்தட்டு. இன்னொரு பக்கம் பாடம் செய்யும் கருவிப் பெட்டி, அதன் மேல் செத்துக் கிடக்கும் வான்கோழி. அதற்கு இனிமேல்தான் வேலை செய்ய வேண்டும்.

நான் பார்த்துக்கொண்டே நின்றது அந்தத் திரையை. முப்பது வயதில் செத்த குழந்தைக்கு முன்னால் ஒரு திரையைப் போட்டு, திறக்காதீர்கள் என்று எழுதி வைத்தவர். ஐம்பது ஆண்டு கழித்து அதே கை திரையைத் தூக்கிப் பிடித்து, உள்ளே வாருங்கள் என்கிறது.

#12 விலங்கியல்வாத்தியார்

வான்கோழியைப் பற்றி ஒரு வரி. அது அவர் மகன், இரண்டாவது டிஷியன், ராக்கி மலைப் பக்கம் போன ஆய்வுப் பயணத்திலிருந்து கொண்டுவந்தது. 1819, 1820-இல் போன பயணம். அந்தப் பையன் பின்னால் உலகத்தைச் சுற்றி வந்த கடல் பயணத்திலும் இயற்கை ஆய்வாளராகப் போனான். கித்தான் அம்மா, திரை பற்றி மழைப்பயணி சொன்னதை உங்கள் மாணவர்களுக்கு அவசியம் காட்டுங்கள்.

#13 தச்சன்மகன்

நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பாவிடம் கைபேசியில் ‘படிக்கட்டில் இருவர்’ படத்தைக் காட்டினேன். ஐம்பது ஆண்டாக நிலையும் சன்னலும் செய்கிறவர். யார் வரைந்தது, எந்த ஊர் எதையும் நான் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கி, பையன்களின் முகத்தை விட்டுவிட்டு நிலையின் மூலையைப் பார்த்தார். பிறகு கீழே வந்தார்.

“இந்த அடிப்படி மரமா, வர்ணமா?”

மரம் என்றேன்.

“இதுக்கு மேல இருக்கிறது?”

வர்ணம் என்றேன். கைபேசியைத் திருப்பிக் கொடுக்காமல் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.